திரையைத் திருப்பிக் காட்டுகிற கடை: சேரன்மகாதேவியில் ஆறு வருட வாடிக்கையாளர் எழுதும் மதிப்பீடு

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியில் இருக்கும் இந்தக் கணினிக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரத் தம்பி தன் பெயரையும் கடையின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு வேலையாக வருகிறவர்களிடம் "திரையைத் திருப்பிக் காட்டுகிற கடை எது?" என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், கொஞ்சம் சத்தம் போடும் ஜெராக்ஸ் இயந்திரம். கட்டணப் பலகை முழுக்கத் தமிழில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிரதி ஒரு பக்கம் மூன்று ரூபாய், ஸ்கேன் பத்து ரூபாய், விண்ணப்பம் நிரப்ப அறுபது ரூபாய். விண்ணப்பம் சர்வரில் ஏறாமல் நின்றுவிட்டால் அந்த அறுபது ரூபாயை வாங்குவதில்லை, மறுநாள் வரச் சொல்கிறார். இந்த ஒன்றுக்காகவே வீரவநல்லூரிலிருந்தும் பத்தமடையிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள்.

நான் 1983 முதல் 2020 வரை எங்கள் ஊர்க் கிளைத் தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவன். எங்கள் வீட்டுத் திண்ணைதான் தபால் நிலையம். ஒரு மேஜை, ஒரு தராசு, தேதி முத்திரை, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. அந்த மேஜைக்குப் பின்னால் 37 வருடம் உட்கார்ந்தவனுக்கு, எந்தக் கடைக்குப் போனாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கைகள்தான் முதலில் கண்ணில் படும். எந்தக் காகிதத்தை எங்கே வைக்கிறார், எதை யார் பார்வையில் படும்படி விடுகிறார் என்று பார்ப்பேன். இந்த மதிப்பீட்டையும் அந்தப் பார்வையோடுதான் எழுதுகிறேன்.

போன நவம்பரில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் வரிசையில் ஓர் ஆச்சி நின்றார். நாற்பது வருடம் பீடி சுற்றியவர். பி.எஃப். பென்ஷன் மாதம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் வருகிறது. வருடத்துக்கு ஒரு முறை, உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்றை மின்னணு முறையில் பதிய வேண்டும். தம்பி கைரேகைக் கருவியை அவர் முன்னால் வைத்தார். பெருவிரலை வைத்தார் ஆச்சி, ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் அதே கதைதான். இலையை உருட்டி உருட்டி, நுனியை மடக்கி மடக்கி, ரேகை தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட விரல்கள். தம்பி ஓர் ஈரத்துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, உலர விட்டு, மறுபடியும் வைக்கச் சொன்னார். மூன்றாவது சுற்றிலும் ஏற்கவில்லை. பிறகு செல்போனில் முகத்தைக் காட்டிப் பதியும் முறைக்குப் போனார்.

அதைத் தொடங்கும் முன் செல்போனை ஆச்சியின் பக்கம் திருப்பினார். அதில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது, கீழே டிக் அடிக்க ஒரு கட்டம். "ஆச்சி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் முகத்தைப் படம் எடுத்து, ஆதாரில் இருக்கும் படத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். பென்ஷன் சான்றுக்காக மட்டும். சம்மதமா?" என்று கேட்டார். ஆச்சி "சம்மதம் இல்லை என்றால் பென்ஷன் வருமா?" என்று திருப்பிக் கேட்டார். தம்பி ஒரு நிமிடம் யோசித்தார். "இங்கே செய்ய முடியாவிட்டால் பாங்குக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது" என்றார். ஆச்சி கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு தம்பி காட்டிய இடத்தைத் தன் விரலாலேயே தொட்டார்.

எட்டு நிமிடம் ஆனது. பின்னால் ஐந்து பேர் நின்றார்கள், நானும் ஒருவன். யாரும் முணுமுணுக்கவில்லை. தங்கள் முறை வரும்போது தங்களுக்கும் இப்படித்தான் படித்துச் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கடையில் இன்னும் சில பழக்கங்கள் உண்டு. கடவுச்சொல்லை வாடிக்கையாளரே தட்ட வேண்டும், அப்போது தம்பி எழுந்து ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் போய்விடுவார். ஓ.டி.பி. வந்தால் செல்போனை வாங்க மாட்டார், எண்களை நாமே தட்ட வேண்டும். ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஆதார் கேட்டால், பன்னிரண்டு எண்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் பிரதி போதுமா என்று அந்த அலுவலகத்தின் விதியைப் பார்த்துவிட்டு, போதும் என்றால் அதையே எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் கணினியில் இருக்கும் நம் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, திரையை நம் பக்கம் திருப்பி "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். கோணலாக விழுந்த பிரதிகளை நான்காகக் கிழித்து நம் கையிலேயே கொடுத்துவிடுவார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு வேறோர் ஊர்ப் பஸ் நிலையத்தில் புரிந்தது. ஐந்து வருடம் இருக்கும். சுண்டலைப் பொட்டலமாக வாங்கினேன். தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பெண்ணின் ஆதார் பிரதி. முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பன்னிரண்டு எண்களும் முழுசாக. ஓரத்தில் பேனாவால் எழுதிய செல்போன் எண். சுண்டல் எண்ணெய் பட்டு அந்த முகம் மட்டும் கண்ணாடித்தாள் மாதிரித் துலங்கியது. ஏதோ ஒரு கடையில் கோணலாக விழுந்து, எடைக்குப் போன காகிதம். அதை அந்த இடத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

தபாலில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம், உறைக்குள் இருப்பது உன்னுடையது அல்ல என்பதுதான். கடிதத்தின் எடைக்குத்தான் கட்டணம். உள்ளே இருப்பது கல்யாணச் செய்தியா கடன் செய்தியா என்று பார்த்து யாரும் ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னதில்லை. இணையத்திலும் இதே நியாயம்தான் கேட்கப்பட்டது. எந்த வலைத்தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது. அதற்கு முந்தைய வருடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் அந்த ஆணையத்துக்குப் போயிருந்தன. பயன்படுத்துகிற சாதாரண ஜனங்கள் ஒன்றுசேர்ந்து எழுதியதற்குப் பலன் கிடைத்தது. இதை நான் கடையில் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

இனி என் சொந்த விஷயம். என் மனைவி 2022 ஆகஸ்டில் காலமானாள். கடைசி ஆறு வருடம் அவள் கையில் செல்போன் இருந்தது. வாசலில் போட்ட கோலங்களை எல்லாம் படம் எடுத்து வைத்திருந்தாள். ஷார்ஜாவில் இருக்கும் மகளின் குழந்தைக்காகத் தாலாட்டுப் பாடிப் பதிவு செய்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கில் சேமிப்பாக இருந்தன. அவள் போன பிறகு அந்தச் செல்போனைத் தொடும் தெம்பு எனக்கு இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் எண் செயலிழந்து, பிறகு வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு வருடம் கழித்து நானும் மகளும் அந்தக் கணக்கைத் திறக்க முயன்றபோது, நுழைவதற்கான எண் அந்த வேறு யாருக்கோ போயிற்று.

தம்பியின் கடைக்குத்தான் போனேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, திருமணப் பதிவு, எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து அந்த நிறுவனத்தின் படிவத்தில் ஏற்றினோம். நான்கு நிமிடத்தில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. இயந்திரம் எழுதிய பதில். மறுபடியும் அனுப்பினோம், அதே பதில். ஏழு முறை அனுப்பினோம். ஏழாவது முறை "இந்தக் கணக்கு தொடர்பாக மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது" என்று முடித்துவிட்டார்கள். யார் முடித்தது, எந்தக் காரணத்தால், மேல்முறையீடு எங்கே, எதுவும் அதில் இல்லை. தம்பி ஏழு முறைக்கும் ஸ்கேன் கூலி மட்டும்தான் வாங்கினார். கடைசி நாள் அதையும் வாங்கவில்லை. கதவைத் தட்டித் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்றே தெரியாமல் திரும்புகிற உணர்ச்சி அது. இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்க யார் வந்தாலும், நியமனதாரர் பெயரைக் கேட்டு எழுதாமல் நான் படிவத்தை மேலே அனுப்பியதில்லை. நூறு ரூபாய்க் கணக்காக இருந்தாலும் சரி. கணக்குக்காரர் இறந்தால் நியமனதாரர் வருவார், சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள், பணம் போய்ச் சேரும். என் மனைவியின் நூறு ரூபாய்க்கு இருந்த அந்தப் பாதுகாப்பு அவளுடைய குரலுக்கு இல்லாமல் போனது. நியமிக்கிற வசதி அந்தக் கணக்கின் ஏதோ ஓர் ஓரத்தில் இருந்திருக்கலாம். அவளிடம் அவள் மொழியில் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1991-இல் மும்பையிலிருந்து எங்கள் ஊருக்கு வர வேண்டிய ஒரு பதிவுத் தபால் வரவில்லை. பெறுநர் ஒரு நெசவாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல நானே புகாரை எழுதி அனுப்பினேன். கிளைத் தபால் நிலையங்களை மேற்பார்க்கும் மெயில் ஓவர்சியர் சைக்கிளில் மூன்று முறை வந்தார். என்னிடம் எழுத்து வாக்குமூலம் வாங்கினார், பை சுமந்து வந்தவரிடமும் வாங்கினார், பட்டியல்களை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். ஒத்த பெயருள்ள வேறோர் ஊருக்கு அந்த உறை போயிருந்தது தெரியவந்தது. பத்தொன்பதாம் நாள் உறையும் வந்தது, என்ன நடந்தது என்று விளக்கும் கடிதமும் வந்தது. அந்த நெசவாளிக்குச் செல்வாக்கு எதுவும் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் விதிப் புத்தகத்தில் எழுதி வைத்த ஒரு பக்கம்.

இந்தக் கடையை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் மனதில் ஒரு பயம் இருப்பது இதனால்தான். இங்கே எனக்குக் கிடைக்கும் மரியாதை எல்லாம் ஒரு தம்பியின் நல்ல குணத்தால் கிடைப்பது. நாளை அவர் கடையை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும். அவரைக் கட்டும் விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? 2011-இல் இணைய மையங்களுக்கு மத்திய அரசு விதிகள் வகுத்தது. வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், யார் எந்தக் கணினியில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று பதிவேடு எழுத வேண்டும், அதை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. எல்லாம் வாடிக்கையாளரைக் கண்காணிப்பதற்கான விதிகள். தம்பி அவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார், பதிவேட்டை இரும்பு பீரோவில் பூட்டி வைக்கிறார். கோணல் பிரதியைக் கிழித்துக் கையில் கொடு, சம்மதத்தைப் படித்துக் காட்டு என்று அந்த விதிகளில் நான் பார்த்தவரை எதுவும் இல்லை.

நிலைமை மெல்ல மாறுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தமிழும் அதில் ஒன்று. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். நாம் இறந்தால் நம் உரிமைகளைப் பயன்படுத்த இன்னொருவரை நியமிக்கலாம் என்றும் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவைத் தம்பி திரையில் காட்டியபோது நான் சத்தமாகவே படித்தேன். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளும் நம்முடைய இந்த உரிமைகளும் நடைமுறைக்கு வர, அன்றிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். என் மனைவிக்கு இது காலம் கடந்து வந்தது, இருந்தாலும் வந்ததே என்று சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் இது ஒரு நாட்டின் சட்டம். ஐரோப்பாவுக்கு ஒரு சட்டம், பிரேசிலுக்கு ஒரு சட்டம், என் மகள் இருக்கும் நாட்டுக்கு இன்னொன்று. ஒரே குடும்பம், ஒரே தாலாட்டு, நாடுகளைத் தாண்டிப் போகிறது. ஒவ்வோர் எல்லையிலும் உரிமை மாறினால் என்னைப் போன்றவர்கள் எங்கே போய்க் கேட்பது?

தபாலிலும் ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இருந்தது. ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு, தனித்தனிக் கட்டணம் வாங்கியது. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி, தபாலுக்குத் தங்கள் நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிலப்பரப்பு என்று கையெழுத்திட்டன. அதுதான் இன்றைய உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876-இல் சேர்ந்தது. இன்று 192 நாடுகள், பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் ஒரே ஓட்டு. ஷார்ஜாவில் ஒட்டிய ஸ்டாம்போடு வந்த கடிதத்தை எங்கள் ஊர்த் தெருவில் கொண்டுபோய்க் கொடுக்க நான் மேற்கொண்டு காசு கேட்டதில்லை. கேட்க எனக்கு உரிமையும் கிடையாது. 1874-இல் முடிந்ததை இப்போது முடியாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இணையத்துக்கும் பொது நிர்வாகம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. வலைத்தளங்களின் பெயர்களையும் எண்களையும் பங்கிடும் வேலையை 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐகான் என்ற லாப நோக்கற்ற அமைப்பு பார்க்கிறது. 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசின் மேற்பார்வை ஒப்பந்தம் முடிந்து, அரசுகள், நிறுவனங்கள், பொறியாளர்கள், பயனாளிகள் எல்லோரும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு அது மாறியது. ஐக்கிய நாடுகள் சபையின் இணைய நிர்வாக மன்றம் 2006-இல் ஏதென்ஸில் முதல் முறை கூடியது, 2008-இல் நம் ஹைதராபாத்திலும் கூடியது. அங்கே பேசலாம், விவாதிக்கலாம். முடிவெடுத்து யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இல்லை. கணக்கை மூடியவரிடம் ஏன் என்று கேட்க எனக்கு ஒரு மேஜை வேண்டும். அது இன்னும் எங்கும் போடப்படவில்லை.

அரசுகளிடம் மட்டும் இதை ஒப்படைத்தால் போதுமா என்றால், போதாது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது தெரியும். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த அந்த 2018 மே மாத வாரத்தில், மே 23 முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டிக்க ஆணை பிறந்தது. மகன்கள் வளைகுடாவில் இருந்த வீடுகளில் அம்மாக்கள் பதறினார்கள். அங்கே இருந்த பிள்ளைகளோ தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு, முகம் பார்த்துப் பேச முடியாமல் இன்னும் அதிகமாகப் பதறினார்கள். திண்ணையில் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, தந்தி கொடுக்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். தந்தி 2013 ஜூலையிலேயே நின்றுவிட்டதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இணையத்தைக் காலவரையறை இல்லாமல் துண்டிக்கக்கூடாது, துண்டிக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் வழக்கில் சொன்னது. அந்த 2018 மே மாதத்துக்கு முன்பே அப்படி ஒரு தீர்ப்பு இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

எனக்குக் கன்னடியன் கால்வாயின் கடைமடையில் ஏழு மரக்கால் விதைப்பாடு வயல் இருக்கிறது. கார் சாகுபடியில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரருக்கு விளையும், எங்களுக்குக் காயும். அதற்காக யாரும் கால்வாயைத் தலைமடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. பொதுப்பணித்துறையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்றும் விட்டுவிடவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கத்தில் சண்டை உண்டு, மனக்கசப்பு உண்டு, சில வருடம் தேர்தல் தள்ளிப் போவதும் உண்டு. இருந்தாலும் கடைமடைக்காரன் எழுந்து நின்று "என் மடைக்குத் தண்ணீர் வரவில்லை" என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. பேரே பயன்படுத்துவோர் சங்கம். இணையத்தைப் பயன்படுத்துவோருக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது? பிரேசிலில் 1995 முதல் ஓர் இணைய வழிகாட்டுக் குழு இருக்கிறது. 21 உறுப்பினர்கள். அரசுப் பிரதிநிதிகளோடு தொழில்துறை, கல்வித்துறை, பொதுமக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். 2014-இல் அந்த நாடு இணையப் பயனாளிகளின் உரிமைகளைத் தனிச் சட்டமாகவே எழுதியது.

இதையெல்லாம் நான் பேசும்போது கடைக்காரத் தம்பி முழுதாக ஒத்துக்கொள்வதில்லை. "பெரியப்பா, புது விதி வந்தால் முதலில் சோதனைக்கு வருவது என் கடைக்குத்தான். பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் இருக்கிறார், எனக்கு ஜெராக்ஸ் இயந்திரம்தான் இருக்கிறது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பதிவேட்டைத் தினமும் எழுதுகிற கை அவருடையது. அதனால்தான் விதி எழுதுகிற இடத்தில் அவரைப் போன்ற ஒருவரும் உட்கார வேண்டும் என்கிறேன். பென்ஷன் ஆச்சியும் உட்கார வேண்டும். நம் மொழிக்காரர்கள் இல்லாத இடத்தில் விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் செல்போனிலேயே சாட்சி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழில் தட்டினால் 70 இடம்தான், அதிலும் 'கொ' என்ற ஓரெழுத்து இரண்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். தந்திக்குச் சொல் எண்ணிக் காசு வாங்கிய காலத்து ஆள் நான், இந்த வித்தியாசம் எனக்கு உடனே உறைத்தது.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாசற்படி மூன்றும் செங்குத்து, பிடித்து ஏறக் கம்பி கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் கீழேயே நின்று குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. தம்பி இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார் என்றாலும் ஒரு கம்பி போட எவ்வளவு செலவாகும்? கலர் பிரிண்டில் நீலம் தூக்கலாக விழுகிறது. காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பெஞ்சு. இணைப்பு மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் தளர்ந்துவிடும். அவசர விண்ணப்பம் என்றால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது ரசீது. கேட்டால்தான் எழுதித் தருவார். பணம் வாங்கினால் ரசீது, அது கேட்டுப் பெறுவது அல்ல என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன தைப் பொங்கலுக்குப் பிறகு கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் மேஜைக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் கிழித்துக் கொடுக்கிறார். எந்த விண்ணப்பம், எந்த எண், என்ன தேதி, எவ்வளவு ரூபாய், எல்லாம் தமிழில்.

மனைவியின் கோலங்களில் மூன்றைத் தங்கை மகளின் செல்போனிலிருந்து எடுத்தோம், அவளுக்கு எப்போதோ அனுப்பி வைத்திருந்தாளாம். தம்பி புகைப்படத் தாளில் போட்டுத் தந்தார், ஒன்றுக்கு நாற்பது ரூபாய். நீலம் கொஞ்சம் தூக்கல்தான். தாலாட்டு கிடைக்கவில்லை. அன்றே என் கணக்கைத் திறந்து, நான் போன பிறகு யாரிடம் சேர வேண்டும் என்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து மகளின் பெயரைப் போட்டேன். கண்டுபிடிக்க இருவருக்கும் இருபது நிமிடம் ஆனது. இப்போது புதுக் கணக்குத் தொடங்க வருகிறவர்களிடம் தம்பி முதலில் நியமனதாரர் பெயரைக் கேட்கிறார்.

காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு வரை கடை திறந்திருக்கும், மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை பூட்டு. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை மனு நாள் என்பதால் கூட்டம் அதிகம், செவ்வாய் அல்லது வியாழன் போங்கள். ஆதார் அட்டையின் அசலோடு, கடவுச்சொல்லை எழுதி வைத்த தாள் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அந்தத் தாளை அவரிடம் கொடுக்காதீர்கள், அவரும் வாங்க மாட்டார்.